டி.வி. ஷோவில் செலக்ட் ஆன பிள்ளைகளுக்கு: படிப்பும் வேலையும் கைவிட்டுப் போகாமல் இருக்க என்ன செய்வது?

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று நம் ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை நெடுகிலும் நன்றாகப் பாடுகிற, ஆடுகிற, பேசியே கூட்டத்தைக் கட்டிப்போடுகிற பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. திருவிழா மேடையில் பாடிய வீடியோ ஒன்று செல்போனில் ஊர் ஊராகச் சுற்றுகிறது. சென்னையிலிருந்து ஒரு அழைப்பு வருகிறது. தெருவே கொண்டாடுகிறது.

அந்த அழைப்பு வந்த வாரத்தில் வீட்டில் எடுக்கிற முடிவுகள் அடுத்த பத்து வருடத்தைத் தொடும். ஆனால் அந்த வாரத்தில் பேச்செல்லாம் என்ன பாட்டு, என்ன உடை, யார் கூடப் போவது என்பதிலேயே முடிந்துவிடுகிறது. கல்லூரி வருகைப் பதிவு என்னவாகும், டி.சி. வாங்கலாமா, அரசுப் பள்ளிப் பிள்ளையைச் சென்னைத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் எதை இழப்போம், பரிசுப் பணத்தில் கைக்கு எவ்வளவு வரும் என்று கேட்பவர்கள் குறைவு. இந்தக் கேள்விகளுக்கு மட்டும் இங்கே வரிசையாகப் பதில் எழுதுகிறேன்.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். டி.வி. ஷோவுக்குப் போங்கள், ஆசையோடு போங்கள். ஆனால் அதை ஒரு நீண்ட விடுப்பாக நினைத்துப் போங்கள். ஒரு சீசன் சில மாதங்களில் முடிந்துவிடும். அடுத்த சீசன் தொடங்கியதும் ஜனங்கள் புது முகங்களைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அப்போது உங்கள் வகுப்பில் உங்கள் இடமும், வேலையில் உங்கள் நாற்காலியும் அப்படியே இருக்க வேண்டும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வேலைகள்தான்.

முதல் படி: அழைப்பு உண்மையானதா என்று பாருங்கள்

ஆடிஷனுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம், போர்ட்ஃபோலியோ கட்டணம், "கன்ஃபர்ம் பண்ண அட்வான்ஸ்" என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சேனலின் சொந்தத் திரையிலும் அதன் அதிகாரப்பூர்வப் பக்கங்களிலும் வந்த அறிவிப்பை மட்டும் நம்புங்கள். வாட்ஸ்அப்பில் வந்த போஸ்டரை நம்பி ரயில் ஏறக் கூடாது. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை வங்கியில் முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு.

நம் பக்கத்தில் இதற்கு இன்னொரு கோணமும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளிக்கும் விடுமுறை, அப்பாவும் வீட்டில் இருக்கிறார், பிள்ளையை ஆடிஷனுக்குக் கூட்டிப் போகத் தோதான நேரம். ஆனால் கையில் காசு இல்லாத நேரமும் அதுவே. தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் குடும்பச் செலவுக்கே போதாது. அதில் கை வைக்கச் சொல்லும் எந்த ஆடிஷனும் வேண்டாம்.

இரண்டாவது படி: ரயில் ஏறும் முன் கல்லூரி முதல்வரைப் பாருங்கள்

பெரும்பாலான கல்லூரிகளில் பருவத் தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். ஒரு பருவத்தில் 90 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால், நீங்கள் வராமல் இருக்கக்கூடியது அதிகபட்சம் 22 நாள். ஆடிஷன், மெகா ஆடிஷன், ரிகர்சல், ஷூட்டிங் என்று ஒவ்வொரு வாரமும் மூன்று நாள் சென்னைக்குப் போனால் இரண்டே மாதத்தில் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். 75 சதவீதத்துக்குக் கீழே சிறிது குறைந்தால் அபராதம் கட்டித் தேர்வெழுத அனுமதிப்பார்கள். மிகவும் குறைந்தால் அந்தப் பருவத்தையே மறுபடி படிக்க வேண்டி வரும்.

ராமநாதபுரம் சேதுபதி அரசு கலைக் கல்லூரியில் படிக்கிறீர்களோ, ராமேஸ்வரம் அப்துல் கலாம் அரசு கலை அறிவியல் கல்லூரியில் படிக்கிறீர்களோ, கீழக்கரைக் கல்லூரிகளில் படிக்கிறீர்களோ, செய்ய வேண்டியது ஒன்றுதான். போகும் முன் எழுத்தில் கொடுங்கள். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி எழுதினால் போதும்:

"ஐயா, நான் இளங்கலை வணிகவியல் இரண்டாம் ஆண்டு படித்து வருகிறேன். இன்ன தொலைக்காட்சியின் இன்ன நிகழ்ச்சிக்குத் தேர்வாகியிருக்கிறேன். இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை சில நாட்கள் வகுப்புக்கு வர இயலாத நிலை. இந்த நாட்களில் நடக்கும் அகமதிப்பீட்டுத் தேர்வுகளைத் திரும்பி வந்ததும் எழுத அனுமதி தருமாறும், வருகைப் பதிவு குறைந்தால் நான் செய்ய வேண்டியதைத் தெரிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். தேர்வான அழைப்புக் கடிதத்தின் நகலை இணைத்துள்ளேன்."

இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் தேதியோடு முத்திரை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். துறைத்தலைவரிடம் வாய்மொழியாகச் சொல்லி, அவரும் "சரிப்பா, போயிட்டு வா" என்று அன்போடு அனுப்பியிருக்கலாம். அவர் மாற்றலாகிப் போனால் அந்தச் சொல்லுக்குச் சாட்சி யாரும் இல்லை. சில கல்லூரிகளில் முதல்வர் விரும்பினால் ஓ.டி. (வராத நாளையும் வந்ததாகக் கணக்கில் எடுக்கும் அனுமதி) தருவார். அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள்: டி.சி. வாங்காதீர்கள். நீண்ட நாள் போக வேண்டியிருந்தால், படிப்பில் இடைவெளி கேட்டு விண்ணப்பித்துவிட்டு, பிறகு மறுசேர்க்கையில் அதே வகுப்பில் தொடர வழி இருக்கிறதா என்று கேளுங்கள். டி.சி. வாங்கிவிட்டால் நீங்கள் வெளியாள். அடுத்த வருடம் இடம் கேட்டு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும்.

"பேசாமல் தொலைதூரக் கல்வியில் சேர்த்துவிடலாமே" என்று பலர் சொல்வார்கள். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்திலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும், மதுரையில் மண்டல மையம் வைத்திருக்கும் இக்னோவிலும் அந்த வசதி உண்டு. வருகைப் பதிவுத் தொல்லை இல்லை. ஆனால் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வாங்கும் பிள்ளைகள் தொலைதூரக் கல்விக்கு மாறினால் அந்த உதவி நின்றுவிடும். கல்லூரி நூலகம், ஆய்வுக்கூடம், வளாக நேர்காணல் எல்லாம் போய்விடும். ஒரு வருடத்துக்கு மேல் கட்டாயம் வெளியே இருக்க வேண்டும் என்பது உறுதியான பிறகே அதை யோசியுங்கள்.

பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஷோவுக்காகப் பிள்ளையைச் சென்னைக்குக் கூட்டிப்போய், அங்கேயே ஒரு தனியார் பள்ளியில் சேர்த்துவிடுகிறவர்கள் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு 2020இல் மருத்துவப் படிப்புக்கும், 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அதைப் பெற ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் ஒரே ஒரு வருடம் தனியார் பள்ளிக்கு மாறினாலும் அந்த உரிமை போய்விடும். ஒரு மீனவக் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த ஒதுக்கீடு எவ்வளவு பெரிய கதவு என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இடம் மாறியே ஆக வேண்டும் என்றால் சென்னையிலும் அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே மாற்றுங்கள். அதைவிட நல்லது, ஊர்ப் பள்ளியிலேயே பெயரை வைத்துக்கொண்டு வார இறுதியில் மட்டும் போய்வர நிகழ்ச்சிக் குழுவிடம் கேட்பது. ராமேஸ்வரத்தில் இரவு ரயில் ஏறினால் காலையில் சென்னை. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு தீவிலிருந்தே மறுபடி ரயில் ஏற முடிகிறது.

பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிக்கிற பிள்ளையை டிசம்பருக்கு மேல் எந்த ஷோவுக்கும் அனுப்பாதீர்கள். மார்ச் பொதுத்தேர்வை விட்டுவிட்டுப் பாடும் அளவுக்கு எந்தப் பாட்டும் அவசரம் இல்லை. இது என் சொந்தக் கருத்து. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

படிப்பைக் கைவிடாதவர்களின் கதை ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 2001இல் இந்தியில் நடந்த சிறுவர் கோடீஸ்வரர் நிகழ்ச்சியில் ரவி மோகன் சைனி என்ற 14 வயதுப் பையன் 15 கேள்விக்கும் பதில் சொல்லி ஒரு கோடி ரூபாய் வென்றான். அதோடு ஊர் ஊராகச் சுற்றப் போகவில்லை. பள்ளிக்குத் திரும்பினான், ஜெய்ப்பூரில் எம்.பி.பி.எஸ். படித்தான், பிறகு குடிமைப் பணித் தேர்வு எழுதி 2014இல் ஐ.பி.எஸ். ஆனான். பின்னாளில் போர்பந்தரில் எஸ்.பி.யாக இருந்தபோதுதான் "அந்தப் பையனா இவர்!" என்று நாடே ஆச்சரியப்பட்டது.

மூன்றாவது படி: வேலையில் இருப்பவர்கள்

தனியார் கம்பெனியில் இருந்தால் சம்பளமில்லா விடுப்பு கேளுங்கள். அனுமதி மின்னஞ்சலாகவோ கடிதமாகவோ கையில் இருக்கட்டும். இறால் கம்பெனியிலும் நண்டு கம்பெனியிலும் தினக்கூலிக்குப் போகிறவர்களுக்கு விடுப்பு என்ற பேச்சே கிடையாது. அவர்கள் வேலை நாள் இழப்பை நிகழ்ச்சிக் குழு தரும் தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

அரசுப் பணியில் இருப்பவர்கள் துறைத்தலைமையின் முன் அனுமதி இல்லாமல் கேமரா முன் நிற்கக் கூடாது. அனுமதி கேட்டால் கிடைக்காது என்று பயப்பட வேண்டாம். நம் மதுரையில் நீதிமன்ற ஊழியராக இருந்த கௌசல்யா கார்த்திகா 2020 ஜனவரியில் தமிழ்க் கோடீஸ்வரி நிகழ்ச்சியில் ஒரு கோடி ரூபாய் வென்றார். காது கேளாத, வாய் பேச முடியாத பெண். அந்த நாற்காலியில் அவரை வெற்றிபெறச் செய்தது பல வருடம் படித்த படிப்பு.

வளைகுடாவில் வேலை செய்துவிட்டு விடுமுறையில் வந்திருக்கும் கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் தம்பிகளுக்கு ஒரு எச்சரிக்கை. அமீரகத்துக் குடியிருப்பு விசாவில் இருப்பவர் பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் விசா செல்லாமல் போகும். ஆடிஷனிலிருந்து இறுதிச் சுற்று வரை இழுத்துக்கொண்டே போனால் ஆறு மாதம் போவது தெரியாது. விமானச் சீட்டின் தேதியைப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லுங்கள்.

நான்காவது படி: 14 வயதுக்குக் கீழே என்றால் சட்டமே உங்கள் பக்கம்

இதைப் பெற்றோர் பலர் அறியாமலேயே கையெழுத்துப் போடுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. 2017இல் வந்த விதிகளில் சிறுவர் கலைஞர்களுக்கென்று தனிப் பகுதி உண்டு. அதன்படி 14 வயது நிறையாத பிள்ளையை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வு இல்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ச்சியாக 27 நாளுக்கு மேல் கூடாது. நிகழ்ச்சி நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, ஐந்து பேருக்கு ஒருவர் வீதம் பொறுப்பாளர் இருக்க வேண்டும். பள்ளிப் பாடம் விட்டுப்போகாமல் படிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். பிள்ளைக்கு விருப்பம் இல்லாத எதையும் செய்யச் சொல்லக் கூடாது.

பணத்திலும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. பிள்ளை சம்பாதிக்கும் தொகையில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் பிள்ளையின் பெயரில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். 18 வயதானதும் அது பிள்ளையின் கைக்கு வரும். படகு கடனுக்கு அதை உடைக்க முடியாது, உடைக்கவும் கூடாது. அந்த ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

"ஆட்சியர் அனுமதி வாங்கியிருக்கிறீர்களா? பொறுப்பாளர் யார்?" என்று நீங்கள் மரியாதையாகக் கேட்டாலே குழுவினர் உங்களை வேறு மாதிரி நடத்தத் தொடங்குவார்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை தூங்கி வழிகிற நிலையில் இன்னும் ஒரு டேக் என்று கூப்பிட்டால் மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. பிள்ளைக்குக் கஷ்டம் என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

14 முதல் 18 வயது வரை இந்த விதிகள் பொருந்தாது. ஆகவே அந்த வயதுப் பிள்ளைகளுக்கு வேலை நேரத்தை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.

ஐந்தாவது படி: ஒப்பந்தம்

ஒப்பந்தம் ஆங்கிலத்தில், பல பக்கத்தில் வரும். அதை ஷூட்டிங் நாள் காலையில், மேக்கப் போடும் அவசரத்தில் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று நாள் முன்னதாகவே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். ஊரில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒரு ஆசிரியரையோ வக்கீலையோ உட்காரவைத்து வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். ராமநாதபுரத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் அங்கே சட்ட உதவி இலவசம். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

படிக்கும்போது நான் முதலில் தேடச் சொல்வது கட்டுப்பாட்டுக் காலம். ஷோ முடிந்த பிறகும் ஒரு வருடம், இரண்டு வருடம் வேறு எந்த சேனலிலும் மேடையிலும் எங்கள் அனுமதி இல்லாமல் தோன்றக் கூடாது என்று ஒரு பத்தி இருக்கலாம். ஊர்த் திருவிழாக் கச்சேரியும் அதில் அடங்குமா, சொந்த யூடியூப் சேனலும் அடங்குமா, சம்பாதிப்பதில் அவர்களுக்குப் பங்கு உண்டா என்று கேளுங்கள். ஒரு பாடகனுக்கு ஷோ முடிந்த முதல் வருடத்தில்தான் கச்சேரி வாய்ப்பு குவியும். அந்த வருடத்தையே எழுதிக் கொடுத்துவிட்டால் பிறகு என்ன மிஞ்சும்? கல்லூரி விழாவும் ஊர்க் கோயில், தேவாலய, தர்கா விழாக்களும் கட்டுப்பாட்டில் வராது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கேட்டால் சேர்ப்பவர்களும் உண்டு.

அடுத்தது தேர்வு நாட்கள். "பருவத் தேர்வு நடக்கும் நாட்களிலும் அதற்கு முந்தைய நாளும் படப்பிடிப்புக்கு அழைக்கப்பட மாட்டார்" என்ற வரியைத் தேர்வு அட்டவணையோடு இணைத்துக் கேளுங்கள். பாதியில் விலகினால் நஷ்ட ஈடு எவ்வளவு என்பதும் இருக்கும். தொகையைப் பார்த்துவிட்டே பேனாவைத் தொடுங்கள். ரயில் செலவு, கூட வருபவரின் செலவு, தங்குமிடம், ஸ்டுடியோவுக்கு வண்டி, உடைச் செலவு யாருடையது என்பதும் எழுத்தில் வேண்டும். ஸ்டுடியோக்கள் ஊருக்கு வெளியே இருக்கும். பிக் பாஸ் வீடு பூந்தமல்லிக்கு அப்பால் செம்பரம்பாக்கத்தில் போடப்பட்டது. எழும்பூரில் இறங்கி அதுவரை ஆட்டோவில் போனால் கையிருப்பு அங்கேயே கரைந்துவிடும்.

18 வயது நிறையாதவர் போடும் ஒப்பந்தம் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லாது. அதனால்தான் பெற்றோரிடம் கையெழுத்துக் கேட்கிறார்கள். பொறுப்பும் பெற்றோர் தலையில்தான் விழுகிறது என்பதை மனதில் வையுங்கள்.

அசல் மதிப்பெண் சான்றிதழ், அசல் டி.சி., அசல் ஆதார் எதையும் யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். ஜெராக்ஸ் கொடுங்கள், அதன் மேலேயே "இன்ன நிகழ்ச்சிக்கு மட்டும்" என்று குறுக்காக எழுதிக் கொடுங்கள்.

ஆறாவது படி: வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டியவை

பிக் பாஸ் மாதிரி வீட்டுக்குள் அடைத்துவைக்கும் ஷோவில் போன் கிடையாது, நூறு நாளைத் தொடும். அந்த நாட்களில் தேர்வுக் கட்டணம் கட்டும் தேதி வரும், கல்வி உதவித்தொகைக்கு ஓ.டி.பி. வரும், வங்கியில் கே.ஒய்.சி. கேட்பார்கள், மறுசேர்க்கை விண்ணப்பம் வரும். ஆகவே வங்கியோடு இணைத்த சிம் கார்டை வீட்டில் நம்பிக்கையான ஒருவரின் போனில் போட்டுவிட்டுப் போங்கள். கல்லூரிப் பதிவு எண், கட்டணத் தேதிகள், வகுப்பு ஆசிரியரின் எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அம்மாவிடமோ அக்காவிடமோ கொடுங்கள். அக்கா கல்லூரிக்கு ஒரு நடை போய் முகத்தைக் காட்டிவிட்டு வருவது இன்னும் நல்லது.

பாட்டு, நடன ஷோக்களில் காத்திருக்கும் நேரம் அதிகம். காலை ஏழு மணிக்கு வரச் சொல்வார்கள், உங்கள் முறை சாயந்தரம் வரும். அந்த நேரத்தில் போனை நோண்டாமல் படித்துவிடலாம். வகுப்புத் தோழி ஒருத்தியிடம் தினமும் நோட்டுப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிவையுங்கள். திரும்பி வரும்போது அவளுக்கு ஒரு நல்ல பேனா வாங்கி வாருங்கள்.

ஏழாவது படி: பணம் எவ்வளவு கைக்கு வரும்

டி.வி. போட்டியில் வெல்லும் பரிசுக்கு வருமான வரி நேரடியாக 30 சதவீதம். நீங்கள் ஏழை, வேறு வருமானமே இல்லை என்றாலும் சலுகை கிடையாது. 10 லட்சம் வென்றால் 3 லட்சத்தைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அந்த 3 லட்சம் வரியின் மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரி இன்னொரு 12,000 ரூபாய். ஆக உங்களுடையது 6,88,000. பேட்டியில் "பத்து லட்சம்" என்று கேட்ட சொந்தக்காரர்கள் கடன் கேட்டு வரும்போது இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள்.

பரிசு கார் என்றால் இன்னும் சிக்கல். 8 லட்சம் ரூபாய்க் காருக்கு 2,40,000 வரி கட்டிய பிறகே சாவி கைக்கு வரும். அதை யார் கட்டுவார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

ஷோவில் தோன்றுவதற்குத் தரும் சம்பளம் வேறு. அதில் பொதுவாக 10 சதவீதத்தை டி.டி.எஸ். என்று முன்கூட்டியே வரியாகப் பிடிப்பார்கள். பான் கார்டு இல்லாவிட்டால் 20 சதவீதம். வருட வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து அந்தப் பிடித்தத்தைத் திரும்பப் பெறலாம். நம் பக்கத்தில் பலர் இதைச் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். சிறு பிள்ளைக்கும் பான் கார்டு எடுக்கலாம். சொந்தத் திறமையால் பிள்ளை சம்பாதிக்கும் சம்பளம் பெற்றோர் வருமானத்தோடு சேராது.

எட்டாவது படி: ஷோ முடிந்த முதல் வருடம்

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான கட்டம். பீகாரின் மோதிஹாரியைச் சேர்ந்த சுஷில் குமார் மாதம் ஆறாயிரம் ரூபாய் அளவில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர். 2011இல் இந்திக் கோடீஸ்வரர் நிகழ்ச்சியில் ஐந்து கோடி வென்றார். மாதத்தில் பத்துப் பதினைந்து நாள் விழாக்களுக்குப் போனதாகவும், படிப்பு மெல்ல மெல்லத் தூரமாகிப் போனதாகவும், தானம் கேட்டு வந்த பலர் ஏமாற்றியதாகவும், குடிப்பழக்கம் வந்ததாகவும் 2020இல் அவரே வெளிப்படையாக எழுதினார். பிறகு அதிலிருந்து மீண்டு, படித்து, தேர்வெழுதி ஆசிரியரானார். ஐந்து கோடி கிடைத்த மனிதருக்கும் கடைசியில் கைகொடுத்தது படிப்பு.

ஆகவே முதல் வருடத்துக்கு நான் சொல்வது: வாரத்தில் எந்தெந்த நாள் மேடை, எந்தெந்த நாள் வகுப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள். கல்லூரி நாளில் கச்சேரிக்குக் கூப்பிட்டால் சனி, ஞாயிறு இருந்தால் சொல்லுங்கள் என்று பதில் சொல்லிப் பழகுங்கள். கச்சேரிக்குப் பாதி அட்வான்ஸ் வாங்காமல் வண்டி ஏறாதீர்கள். கிடைக்கும் தொகையில் தேர்வுக் கட்டணமும் அடுத்த பருவக் கட்டணமும் முதலில் ஒதுங்கட்டும். புது பைக் அப்புறம்.

மேடையே வாழ்க்கை என்று முடிவெடுப்பவர்களும் உண்டு, அதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அதற்கும் ஒரு அடித்தளம் வேண்டும். 2018இல் சூப்பர் சிங்கரில் வென்ற புதுக்கோட்டைச் செந்தில் கணேஷ், டி.வி.க்கு வருவதற்குப் பல வருடம் முன்பே கிராமம் கிராமமாக நாட்டுப்புறப் பாட்டு பாடியவர். டி.வி. அவருடைய தொழிலைப் பெரிதாக்கியது, ஆனால் தொழில் முன்பே கையில் இருந்தது. நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ராமநாதபுரத்திலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம், தேவாரம் ஆகியவற்றில் மூன்றாண்டு சான்றிதழ் படிப்பு, குறைந்த கட்டணம். அந்தச் சான்றிதழ் பின்னாளில் இசை ஆசிரியராகப் போவதற்கு உதவும். டி.வி. கோப்பையைக் காட்டி எந்தப் பள்ளியிலும் வேலை கேட்க முடியாது.

பேச்சுத் திறமை உள்ளவர்களுக்குப் பாம்பனில் 'கடல் ஓசை' 90.4 சமுதாய வானொலி இருக்கிறது. மீனவர்களுக்காக 2016இல் தொடங்கியது. மைக் முன் உட்கார்ந்து காற்று, அலை, கடல் நிலவரம் சொல்லிப் பழகியவன் எந்த மேடையிலும் தடுமாற மாட்டான். சமையல் ஷோவுக்குப் போய்வந்தவர்கள் கருவாடு, மீன் ஊறுகாய் என்று சொந்தமாகத் தொடங்க நினைத்தால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துவிட்டுத் தொடங்குங்கள். மேலே படிக்க நினைக்கும் மீனவர் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தில் தனி இடங்கள் உண்டு. தூத்துக்குடிக் கல்லூரி நமக்குக் கிட்டத்தில்தான்.

முகம் தெரிந்தவர் ஆனதும் கண்டபடி எழுதுகிறவர்களும் வருவார்கள், பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் மோசம். தூக்கம் கெட்டால், சாப்பாடு இறங்காவிட்டால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. வீட்டில் உள்ளவர்கள் "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று தள்ளிவிடாமல் காது கொடுத்துக் கேளுங்கள்.

முதல் சுற்றிலேயே எலிமினேட் ஆனவர்களுக்கு

உண்மையில் பெரும்பாலானவர்கள் இந்த வகைதான். ஊருக்குத் திரும்ப வெட்கப்பட்டுச் சென்னையிலேயே நண்பன் அறையில் தங்கி அடுத்த ஆடிஷனுக்குக் காத்திருப்பது நடக்கிறது. அப்படிப் போகும் மாதங்கள்தான் வருகைப் பதிவைத் தின்றுவிடுகின்றன. அன்று இரவே ரயில் ஏறிவிடுங்கள். மறுநாள் கல்லூரிக்குப் போய், முத்திரை வைத்த கடிதத்தின் நகலோடு துறைத்தலைவரைப் பாருங்கள். விட்டுப்போன அகமதிப்பீட்டுத் தேர்வு எப்போது எழுதலாம், இதுவரை வருகை எத்தனை சதவீதம், தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி எது என்று மூன்றையும் கேட்டு அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். தேதி தாண்டியிருந்தால் அபராதத்தோடு கட்ட இன்னும் சில நாள் தருவார்கள். அந்தத் தொகையை அன்றைக்கே கட்டிவிட்டு ரசீதை வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போங்கள்.